கண்மாயில் காய்ந்த துணி

சாயங்காலம் பிடித்து வைத்த ஒரு வாளித் தண்ணீரைக் காலையில் காணவில்லை. வாளி இருந்தது, அதே மூலையில், அதே கோணலில். ஆல்வின் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தான். அடியில் ஈரப்பசைகூட இல்லை. நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துப் போட்ட வாளியைப் போல உலர்ந்து, விரல் பட்ட இடத்தில் உப்பு மாதிரி வெள்ளையாய் ஏதோ உதிர்ந்தது. ஓட்டை இல்லை. தரை நனையவில்லை. வாளிக்கு நேர் மேலே கொடியில், நேற்று அலசித் தொங்கவிட்ட, கல்லூரிக் கண்காட்சிக்காக அவன் தைத்துக்கொண்டிருந்த உடை அசையாமல் தொங்கியது. அதன் கீழ்விளிம்பு வாளியின் வாய்க்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அவ்வளவு நீளமாக அதை வெட்டியிருந்தோமா என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. துணியைத் தொட்டான். காய்ந்திருந்தது.

எலி குடித்திருக்கும் என்று முடிவு செய்தான். ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்கிற எலி இருந்தால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அது அவனிடம் இல்லை. கல்லூரியின் கடைசி வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தது. ஃபேஷன் டிசைன் வகுப்பில் அவன் ஒருவன்தான் பையன். ‘அணியும் கலை’ என்ற பாடத்தில் ஃபெயிலானவனும் அவன் ஒருவன்தான். போன வருடம் பழைய செய்தித்தாளில் சட்டை தைத்துக்கொண்டு போனான். ஜெயசித்ரா மேடம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மழை பெஞ்சா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மழை பெய்து அப்போதே பல மாதம் ஆகியிருந்தது, இருந்தாலும் ஃபெயில். இந்த முறை வருடக் கடைசிக் கண்காட்சியில் உடை மேடை ஏறினால் பட்டம் கிடைக்கும், திருப்பூரில் சொல்லி வைத்திருக்கிற வேலைக்குப் போகலாம். ஏறாவிட்டால் இன்னொரு வருடம் இராஜபாளையத்தில், சாம்சன் சித்தப்பாவின் பேண்டேஜ் யூனிட் மாடியில், பிளீச்சிங் வாடைக்கு நடுவே இதே தையல் மெஷினோடு இருக்க வேண்டியதுதான். இன்னொரு வருடம் என்று நினைத்தாலே அவனுக்குத் தூக்கம் வந்தது. படுத்தால் வராது.

துணி கிடைத்தது சித்தப்பாவின் நஷ்டத்தில். வெளுத்த பேண்டேஜ் துணியைக் காயப்போட யூனிட்டில் இடம் பத்தாது என்று, வன்னியம்பட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த கண்மாயில்தான் இப்போதெல்லாம் விரித்துக்கொண்டிருந்தார்கள். கண்மாய் என்று பழக்கத்தில் சொல்வதுதான். கரையில் கருவேலமும் நடுவில் வெடித்த களிமண்ணும் தவிர அதில் எதுவும் இல்லை. மைதானம் போலச் சமமாக, யாரும் வாடகை கேட்காமல் கிடந்தது. காலையில் விரித்து, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். பங்குனியில் கோயில் அசனம் வந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த இரண்டு நாளும் சித்தப்பா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். வேலையாட்களும் அங்கேதான் இருந்தார்கள். விரித்த துணி விரித்தபடியே கிடந்தது. மூன்றாம் நாள் போய் எடுத்தபோது அது தரையோடு ஒட்டியிருந்தது. புண்ணில் காய்ந்த கட்டைப் பிரிப்பது போலப் பிய்த்து எடுத்தார்கள். தரையின் வெடிப்பெல்லாம், ஒன்று விடாமல், துணியில் பழுப்புக் கோடுகளாக ஏறியிருந்தன. எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை.

“ஏலே ஆல்வினு, இத எவன் வாங்குவான்? காயத்துல கட்டுனா, காயம் பட்டவன் நம்ம மேல கேஸ் போட்டுருவான்” என்றார் சித்தப்பா.

“எனக்குத் தாரீயளா?”

“எம்புட்டு வேணும்?”

“அம்புட்டும்.”

சித்தப்பா அவனை ஒருமுறை பார்த்தார். “உங்கப்பா இருந்திருந்தா உன்னைய மிலிட்டரிக்கு அனுப்பியிருப்பாரு” என்று சொல்லிவிட்டுத் துணியைக் கொடுத்தார்.

சலித்துப்போன அந்த வருடத்தில் அவன் மனம் நிமிர்ந்து உட்கார்ந்தது அன்றுதான். தோளிலிருந்து கணுக்கால்வரை இறங்கும் ஒரு நீண்ட அங்கி. பின்னால் தரையைத் தொட்டு இழுபடும் வால். பொத்தான் கிடையாது, முழுக்க முடிச்சுகள். வறண்ட ஒரு நீர்நிலையை ஒருத்தி உடுத்திக்கொண்டு நடந்து வருகிறாள். காகிதத்தில் வரைந்தபோதே நன்றாக இருந்தது.

ஜெயசித்ரா மேடம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, கடைக்காரர்கள் பார்ப்பது போலத் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். “ஃபேஷன் இருக்கு. சுற்றுச்சூழல் இருக்கு. தலைப்புல மூணாவதா அடையாளம்னு இருக்கே, அது எங்கப்பா?”

“இந்த வெடிப்புதான் மேடம் அடையாளம்.”

“யாரோட அடையாளம்?”

அவன் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. “கண்மாயோட மேடம்.”

மேடத்துக்கு அது பிடித்துவிட்டது. “நல்லாருக்கு. ஆனா பாக்குறவங்களும் இதுல கலந்துக்கணும். தொட்டு உணரணும். இப்ப அதான் ட்ரெண்டு.” சொல்லிக்கொண்டே கைப்பையில் எதையோ தேடினார். கிரீம் டப்பா. துணியைத் தேய்த்த இரண்டு விரல்களிலும் தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டிருந்தது. அவர் தடவத் தடவ, கிரீம் இருந்த இடம் தெரியாமல் போனது.

உடுத்தி நடக்க பானுப்பிரியா ஒத்துக்கொண்டாள். சுந்தரபாண்டியத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், வகுப்பிலேயே உயரமானவள், வயலில் வளர்ந்த உடம்பு, தோள் நன்றாக விரிந்திருக்கும். அவளுடைய உடைக்கு ஆல்வின் ஓரம் தைத்துத் தர வேண்டும், அவனுடைய உடையில் அவள் நடக்க வேண்டும் என்று பேச்சு. முதல் முறை அளவு பார்த்தது கல்லூரியின் தையல் அறையில், மத்தியானம், மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தபோது.

“ஏலே, இது உடுப்பா, இல்ல லாரில அடிபட்டவனுக்குக் கட்டு போட்டதா?”

“சும்மா நில்லுட்டி. ஊசி குத்திரும்.”

முடிச்சுகளைப் போட்டு முடித்தான். பானு திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். “யப்பா… உள்ள ஜில்லுன்னு இருக்குலே. எங்க மோட்டார் ரூம் தொட்டியில எறங்குன மாதிரி இருக்கு.”

அவள் நெற்றியிலும் கழுத்திலும் இருந்த வியர்வை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நெரிசலில் ஆல்வினின் விரலில் குண்டூசி ஏறிவிட்டது. பெரிய சொட்டு ஒன்று திரண்டு துணியின் மேல் விழுந்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் விழுவதைவிட மோசமானது ஒரு தையற்காரனுக்கு உலகத்தில் இல்லை. அலறியடித்து ஈரப் பஞ்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். கறை இல்லை. எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. தேடித் தடவிப் பார்த்தபோது, ஊசி குத்திய விரலில், திறந்த புண்ணில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுவது போல ஒரு சின்ன இழுப்பு.

கையை எடுத்துக்கொண்டான். கறை படவில்லையே என்ற நிம்மதிதான் அப்போது பெரிதாக இருந்தது.

இரண்டாம் முறை அளவு பார்த்தபோது இடுப்பு தொளதொளத்தது. தோளும்தான். தான் தப்பாக வெட்டிவிட்டோம் என்று நினைத்து அளவு நாடாவை எடுத்தான். உடை சரியாகத்தான் இருந்தது.

“என்னட்டி இப்படி எளைச்சிருக்க?”

“எங்கம்மாவும் இதையேதான் கேக்கா. நாலு புரோட்டா தின்னுட்டு வாரேன், எளைக்கிறனாம். நாக்குதான்லே மேல போயி ஒட்டிக்கிடுது. ராத்திரி எந்திச்சு எந்திச்சுத் தண்ணி குடிக்கேன். குடத்தோட தூக்கிக் குடிச்சாலும் பத்தல.” அவள் உதட்டில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு இருந்தது. பேசும்போது அது திறந்து மூடியது. உள்ளே சிவப்பாக இல்லை.

“வெயிலு” என்றான்.

“ஆமா, வெயிலு.”

உடையின் அக்குள் பக்கத் தையலில் குண்டூசி குத்துவதற்காக அவள் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினான். விட்ட பிறகும் அவன் விரல்கள் அழுத்திய பள்ளங்கள் அப்படியே இருந்தன. களிமண்ணில் பதிந்த தடம் போல. அவன் ஊசி எல்லாம் குத்தி முடித்தான். அந்தப் பள்ளங்கள் அப்போதும் நிரம்பவில்லை. முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்ததும் பானு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “செத்த நேரம் இருக்கட்டும்லே. வெளிய ஒரே அனலா இருக்கு.”

கண்காட்சிக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. கீழே தறிகள் எல்லாம் ஓய்ந்து நின்றன. அந்த ஓசை நின்ற பிறகுதான் இராஜபாளையத்தில் மற்ற சத்தங்களும் உண்டு என்று காதுக்குத் தெரியும்: பழையபேட்டைப் பக்கம் யாரோ பைக்கை உதைத்து உதைத்துத் தோற்பது, செங்கோட்டை ரயில் கடைசிப் பெட்டிவரை ஊரை இழுத்துக்கொண்டு போவது, தொட்டியில் பிளீச்சிங் நீர் சுவரோடு மெல்லத் தட்டுவது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், அறைக்குள்ளேயே, இன்னொரு சத்தம். ச்ச்ச் என்று. நின்று, பிறகு மறுபடியும் ச்ச்ச் என்று. அவனுக்கு அது தெரிந்த சத்தம்தான். கோடை முழுக்கக் காய்ந்த தரையில் முதல் மழை இறங்கும்போது மண் போடுகிற சத்தம். வாசனையும் வந்தது. மனிதனுக்கு அதைவிடப் பிடித்த வாசனை வேறு இல்லை. ஜன்னலைத் திறந்தான். வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. தெருவில் புழுதி.

வாசனை உள்ளேயிருந்துதான் வந்தது. கொடியிலிருந்து.

போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தான். உடை தொங்கியது. கழுத்துப் பக்கம் மெல்லப் புடைத்து, தணிந்தது. காற்று இல்லை.

சித்தப்பாவின் யூனிட்டில் ஒவ்வொரு சரக்கையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. துணித்துண்டை மடித்துத் தண்ணீரில் போடுவார்கள். நல்ல பேண்டேஜ் உடனே முங்கிவிட வேண்டும். மிதந்தால் அது ரத்தத்தைக் குடிக்காது, கழித்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்தது. ஏன் இப்போது அதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. மிதந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் தோன்றியது. மிதந்தால் அது வெறும் துணி. வாலிலிருந்து ஒரு சாண் வெட்டினான். கத்தரிக்கோல் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. குடிப்பதற்கு வைத்திருந்த குடத்தை வாளியில் கவிழ்த்தான். துண்டை மேலே போட்டான்.

மிதந்தது.

ஆல்வின் மூச்சு விட்டான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒரு நிமிடம் கண்ணை மூடினான். அவ்வளவுதான்.

திறந்தபோதும் அது மிதந்துகொண்டுதான் இருந்தது. முதலில் இருந்ததைவிடக் கீழே. வாளியின் பக்கவாட்டில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. கோட்டுக்குக் கீழே தண்ணீர். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. துணி முங்கவில்லை. தண்ணீர் இறங்கியது. துணி அதன் மேல் படகு போல, அவசரம் இல்லாமல், கூடவே இறங்கியது. ச்ச்ச்.

அடியைத் தொட்டது.

எடுத்தான். காய்ந்திருந்தது. எடை இல்லை.

கீழே ஓடிப் போய்ச் சித்தப்பாவை எழுப்பலாம். மேடத்துக்குப் போன் பண்ணலாம். கொடியோடு பிடுங்கி எடுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தலாம். இவையெல்லாம் அவனுக்குத் தோன்றாமல் இல்லை. கொளுத்திய பிறகு நாளைக்கு எதைக் கொண்டு போவது? வேறு ஒன்று தைக்கத் துணி இல்லை, நேரம் இல்லை. எல்லாவற்றையும்விட, முதுகில் வலு இல்லை. இன்னொரு வருடம். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு பானுவுக்குப் போன் செய்தான்.

“என்னலே?” அவள் குரல் சருகை மிதித்தது போல இருந்தது.

“நாளைக்கு… முடியலைன்னா வேண்டாம்டி.”

“முடியலன்னு யாரு சொன்னா? எப்படா அதைப் போடுவோம்னு இருக்கு. என்ன விஷயம், சொல்லு.”

சொல்வதற்கு வாயைத் திறந்தான். வாளி. ரத்தம். அவள் மணிக்கட்டு. சொன்னால் அவள் சிரிப்பாள், அல்லது நம்புவாள். நம்பினால் வரமாட்டாள்.

“ஒண்ணுமில்ல. தண்ணி நெறையக் குடிச்சுக்க” என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி அரங்கத்தில் மறுநாள் மாலை கூட்டம் நெரிந்தது. கரண்ட் அங்கேயும் இல்லை. ஜெனரேட்டர் மைக்கையும் விளக்கையும் தாங்கியது, மின்விசிறிகளைத் தாங்கவில்லை. பெற்றோர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இயற்கையைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லி, பேசினார். மேடைக்குப் பின்னால் ஆல்வின் முடிச்சுப் போட்டான். பானு கைகளை விரித்து நின்றாள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. அது உடையோடு பொருந்திப் போகட்டும் என்று மேக்கப் போட்ட பெண் செய்தது. அவன் பூச்சை உற்றுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் துணி கொஞ்சம் மிஞ்சியது. இழுத்துக் கட்டினான். மறுபடி மிஞ்சியது. இழுத்தான்.

“இறுக்குதா?”

தலையை ஆட்டினாள். இல்லை.

“தண்ணி?”

அவள் கண்கள் அவன் பக்கம் மெதுவாகத் திரும்பின. காலடியில் நாலைந்து காலி பாட்டில்கள் உருண்டு கிடந்தன.

பேரைச் சொன்னார்கள். நடந்தாள். பின்னால் வால் தரையை உரசிக்கொண்டு போனது. அது போன தடத்தில், துடைத்து விட்ட மேடையின் ஈரம் ஒரு பட்டையாக மறைந்தது. அரங்கம் முதலில் அமைதியானது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது. வெடிப்புக் கோடுகள் விளக்கில் அசைந்தன. நிஜமாகவே அழகாக இருந்தது. ஜெயசித்ரா மேடத்தின் கண் கலங்கியது. அவர் மைக்கை வாங்கினார். “இது பாக்குறதுக்கு மட்டும் இல்ல. வறட்சியை நாம அணைச்சுக்கணும். எல்லாரும் வரிசையா வாங்க. கட்டிப்பிடிச்சுப் பாருங்க.”

ஆல்வின் அவரிடம் போனான். “மேடம், வேண்டாம். அது…”

“நீ பாஸ்ப்பா” என்றார் மேடம். “முதல் பரிசும் உனக்குத்தான்.”

அவன் ஓர் அடி பின்வாங்கி, படிக்கு வழிவிட்டான்.

வரிசை வந்தது. முதலில் விருந்தினர். வியர்த்துக் கொட்டிக்கொண்டு மேலே ஏறினார், அணைத்தார், கண்ணை மூடினார். “அடேங்கப்பா!” இறங்கும்போது அவர் சட்டை காய்ந்திருந்தது. அடுத்து அவர் மனைவி. அடுத்து ஒரு போலீஸ்காரர். கைக்குழந்தையோடு ஒரு தாய். இறங்கியவர்கள் கீழே போய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார்கள். உதட்டை நக்கிக்கொண்டார்கள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. கை தட்டல் மட்டும் ஓயவில்லை. ஆனால் அதன் சத்தம் மாறியிருந்தது. பனையோலையோடு பனையோலை உரசுவது போல.

பின்னாலிருந்து தள்ளினார்கள். ஆல்வின் வரிசைக்குள் இருந்தான். எப்போது நுழைந்தான் என்று தெரியவில்லை. முடிச்சை அவிழ்க்க வேண்டும். கிட்டே போனால் அவிழ்த்துவிடலாம். ஒரு முடிச்சு போதும். ஒன்று.

முன்னால் இருந்தவர் விலகினார்.

பானு சிரித்துக்கொண்டிருந்தாள். மேடையேறியதிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அது சிரிப்பில்லை. உதடுகளுக்குப் பற்களை மூடும் நீளம் இல்லை.

வெள்ளைப் பூச்சு ஓடு ஓடாகப் பிளந்து, ஒவ்வொரு ஓடும் விளிம்பில் சுருண்டு நின்றது. இடுக்குகளில் இருட்டு. கண் இமைக்கப் பார்த்தது. முடியவில்லை. அவள் உள்ளேதான் இருந்தாள். அவனைத் தெரிந்தது அவளுக்கு.

தோளில் முடிச்சைத் தேடினான். முடிச்சு இல்லை. துணிதான். எங்கும் துணி.

“தம்பி, சீக்கிரம் கட்டிப்பிடிச்சுட்டு நவுருங்க” என்றார் பின்னால் நின்றவர். “எங்களுக்கும் வேக்குதுல்லா.”

மடிப்புகளுக்குள் இருந்து இரண்டு கைகள் எழுந்தன. கைகள் போன்றவை. அவன் முதுகுக்குப் பின்னால் அவை ஒன்றையொன்று தேடி, கண்டு, கோத்துக்கொண்டன. வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.